ஏஐ நிறுவனத்துக்கு யாருடைய பணம்? நான்கு வழிகள், ஓர் ஒப்பீடு

ஏஐ நிறுவனம் ஒன்றை ஆரம்பித்துவிட்டு, அடுத்த ஒன்றரை வருடத்துக்குப் பணத்துக்கு எங்கே போவது என்று கேட்டு எழுதுபவர்கள் அதிகமாகிவிட்டார்கள். கடிதங்கள் பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கின்றன. புது நிறுவனங்களில் பங்குக்குப் பணம் போடும் வென்ச்சர் முதலீட்டாளர் ஒருவர் பேசிக்கொண்டிருக்கிறார். கணிப்பொறியை இணையம் வழியாக வாடகைக்கு விடும் ஒரு க்ளவுட் நிறுவனம், தன்னிடமே செலவழிக்கக் கிரெடிட் தருகிறேன் என்கிறது. ஏஐயை ஓட்டும் சிப்பான ஜிபியுவை அடமானம் வைத்துக் கடன் வாங்கலாம் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். இதற்கு நடுவில் நான்கைந்து வாடிக்கையாளர்கள் ஏற்கெனவே மாதாமாதம் காசு கட்டிக்கொண்டிருக்கிறார்கள். அதைப் பற்றி மட்டும் கடிதத்தில் ஒரே ஒரு வரி இருக்கும்.

பல பேருக்குப் பதில் அந்த ஒரு வரியில்தான் இருக்கிறது என்பது என் எண்ணம். எல்லோருக்கும் இல்லை. அதனால் எதை வைத்து அளப்பது என்பதை முதலில் பார்த்துவிடலாம்.

## எதை வைத்து அளப்பது

முதல் கேள்வி, மற்ற எல்லாவற்றையும் முடிவு செய்யும் கேள்வி: நீங்கள் ஏஐயின் மூளையான மாடலைக் கட்டுகிறீர்களா, இல்லை வேறொருவர் கட்டிய மாடலை ஏபிஐ (அடுத்தவர் மென்பொருளை நம் மென்பொருளிலிருந்து கூப்பிடும் வாசல்) வழியாக வாங்கி அதன்மேல் ஒரு பொருளைக் கட்டுகிறீர்களா? மாடலைக் கட்டுபவருக்குப் பெரிய செலவு முன்கூட்டியே வந்துவிடும். ஒரு வாடிக்கையாளர்கூட வராத நிலையில் பயிற்சிச் செலவு முடிந்திருக்கும், அது வீணாகவும் போயிருக்கலாம். ஏபிஐ வாங்குபவருக்குச் செலவு வாடிக்கையாளரோடு கைகோத்து வரும். இரண்டுக்கும் ஒரே மாதிரிப் பணம் பொருந்தாது.

இங்கே ஒரு எச்சரிக்கை. சீன நிறுவனமான டீப்சீக் தன் வி3 மாடலின் பயிற்சிக்கு சுமார் 56 லட்சம் டாலர்தான் ஆனது என்று சொன்னதும், 'இவ்வளவு மலிவா, நாமும் செய்யலாமே' என்று கிளம்பியவர்கள் உண்டு. அது கடைசிப் பயிற்சி ஓட்டத்துக்கான கணிப்பொறி வாடகைக் கணக்கு மட்டுமே. அதற்கு முந்தைய ஆராய்ச்சியும் தோற்றுப்போன சோதனைகளும் அதில் சேரவில்லை என்று அவர்களே அந்த அறிக்கையில் எழுதியிருக்கிறார்கள். ஆள் சம்பளமும் அதில் இல்லை.

இரண்டாவது, ஒரு விற்பனையில் உங்கள் கையில் எவ்வளவு நிற்கிறது. பழைய மென்பொருள் தொழிலில் நூறாவது பயனர் வந்தால் கூடுதல் செலவு கிட்டத்தட்ட இல்லை. ஏஐயில் ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு ஜிபியு எங்கோ ஓடுகிறது, மீட்டரும் ஓடுகிறது. 2025 ஜனவரியில் ஓப்பன்ஏஐயின் தலைவர் சாம் ஆல்ட்மன், சாட்ஜிபிடியின் மாதம் 200 டாலர் கட்டணத் திட்டத்திலேயே தங்களுக்கு நஷ்டம், எதிர்பார்த்ததைவிட மக்கள் அதிகமாகப் பயன்படுத்துகிறார்கள் என்று வெளிப்படையாகச் சொன்னார். ஓப்பன்ஏஐக்கே அந்த நிலை.

மற்ற மூன்றும் எல்லாத் தொழிலுக்கும் பொது: பணம் கொடுத்தவர் எப்போது, எந்த வடிவில் திரும்பக் கேட்பார், பணத்தோடு என்னென்ன உரிமைகள் ஒட்டிக்கொண்டு வருகின்றன, கணக்குத் தப்பினால் அடி யாருக்கு.

அவசரத்தில் இருப்பவர்களுக்கு ஒரு அட்டவணை:

| | வாடிக்கையாளர் பணம் | வென்ச்சர் முதலீடு | க்ளவுட் அல்லது சிப் நிறுவனம் | கடன் |
|---|---|---|---|---|
| வேகம் | மெதுவாக வரும் | மொத்தமாக வரும் | பெரிய தொகை, ஒரு பகுதி கிரெடிட்டாக | ஒப்பந்தம் கையில் இருந்தால் வேகம் |
| பங்கு இழப்பு | இல்லை | ஒவ்வொரு சுற்றிலும் | உண்டு, கூடவே அவர்களை விட்டு மாற முடியாத பிடிமானமும் | பெரும்பாலும் இல்லை |
| திரும்பக் கேட்பது | வேலை செய்யும் பொருள் | பல மடங்கு மதிப்பில் விற்பனை அல்லது பங்குச் சந்தை | உங்கள் கணிப்பொறிச் செலவு அவர்களிடமே | மாதாமாதம் தவணை |
| மறைந்த செலவு | தனித்தனி வேலைகளில் சிக்குவது | நடுத்தர வெற்றிக்கு இடமில்லாமல் போவது | மற்ற வாடிக்கையாளர்கள் சந்தேகிப்பது | அடமானப் பொருளின் விலை சரிவது |
| யாருக்குப் பொருந்தும் | மாடலின் மேல் கட்டுபவர் | வேகமாக இடம்பிடிக்க வேண்டியவர் | மாடலையே கட்டுபவர் | கணிப்பொறித் திறனை விற்பவர் |

## வாடிக்கையாளர் பணம்

இந்த வழிக்குப் பலரும் சொல்லும் உதாரணம், படம் வரையும் ஏஐ கருவியான மிட்ஜர்னி. வெளி முதலீடு வாங்காமல், சிறிய குழுவை வைத்து, மாதம் 10 டாலரில் தொடங்கும் சந்தாவை விற்று வளர்ந்த நிறுவனம். பீட்டா வெளியான சில வாரங்களிலேயே லாபத்துக்கு வந்துவிட்டதாக அதன் நிறுவனர் டேவிட் ஹோல்ஸ் 2022இல் சொன்னார். ஆனால் இன்னும் பாடம் நிறைந்த உதாரணம் சர்ஜ் ஏஐ. மாடல்களுக்கான பயிற்சித் தரவைத் தயாரித்துக் கொடுக்கும் நிறுவனம் அது. 2020இல் தொடங்கி, வெளியார் முதலீடு இல்லாமலே 2024இல் 100 கோடி டாலருக்கு மேல் வருமானம் பார்த்ததாக ராய்ட்டர்ஸ் எழுதியது. அதே தொழிலில் முதலீட்டாளர் பணத்தில் ஊதிப் பெரிதான ஸ்கேல் ஏஐயின் அந்த ஆண்டு வருமானம் சுமார் 87 கோடி டாலர். ஸ்கேலின் கதைக்குக் கொஞ்சம் கழித்து வருகிறேன்.

இந்த வழியின் பெரிய குறை மெதுவாக இருப்பது என்பார்கள். ஏஐயில் அந்தக் குறை மற்ற தொழில்களைவிடச் சிறியது. மூலப்பொருளின் விலை விழுந்துகொண்டே இருப்பதுதான் காரணம். ஜிபிடி 3.5 தரத்தில் பதில் தரும் மாடலுக்கு 2022 நவம்பரில் பத்து லட்சம் டோக்கனுக்கு (மாடல் படிக்கும், எழுதும் சொல்துண்டு) 20 டாலர் ஆனது. 2024 அக்டோபரில் 7 சென்ட் என்று ஸ்டான்ஃபோர்டின் ஏஐ குறியீட்டு அறிக்கை கணக்கிட்டது. சுமார் 280 மடங்கு சரிவு. இன்று கட்டுப்படியாகாத ஒரு வசதி இரண்டு வருடம் கழித்து தானாகவே கட்டுப்படியாகலாம். அதை இன்றே இலவசமாகக் கொடுப்பதற்காகப் பங்கை விற்றவர், நாளை மலிவாகக் கிடைக்கப்போகும் சரக்கை இன்று அதிக விலைக்கு வாங்கி ஊருக்கு விநியோகித்தவர் ஆகிறார்.

இந்தக் கணக்குக்கு ஒரு மறுபக்கம் இருக்கிறது. டோக்கன் விலை விழுந்தாலும் ஒரு வேலைக்கு ஆகும் டோக்கன் எண்ணிக்கை ஏறுகிறது. யோசித்துப் பதில் சொல்லும் மாடல்களும், தானே பத்துப் படி நடந்து வேலையை முடிக்கும் ஏஜென்ட்களும் டோக்கனைத் தண்ணீராகச் செலவழிக்கும். ஒரே கட்டணத்தில் எவ்வளவு வேண்டுமானாலும் என்று விற்றால், உங்கள் பொருளை மிகவும் விரும்புபவர்தான் உங்களுக்கு அதிக நஷ்டம் தருபவராக இருப்பார். கோடிங் கருவியான கர்சர் 2025 ஜூனில் தன் கட்டண முறையைப் பயன்பாட்டுக்கு ஏற்ற மாதிரி மாற்றி, பயனர்கள் கொதித்ததும் அடுத்த மாதம் மன்னிப்புக் கேட்டுப் பணத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டி வந்தது. வாடிக்கையாளர் பணத்தில் ஓடப்போகிறீர்கள் என்றால் முதல் நாளே உச்சவரம்பு வைத்துவிடுங்கள். பிறகு வைப்பது ரொம்பக் கஷ்டம்.

மறைந்த செலவு இன்னொன்று. பெரிய வாடிக்கையாளர் ஒருவர் 'இதை மட்டும் எங்களுக்காகச் செய்து கொடுங்கள்' என்பார். செய்வீர்கள். அப்புறம் அடுத்தவர். இரண்டு வருடம் கழித்துத் திரும்பிப் பார்த்தால் பொருள் என்று எதுவும் இருக்காது, ஐந்து பேருக்கு ஐந்து விதமாக வேலை செய்து கொடுக்கும் சேவை நிறுவனம் இருக்கும். அதுவும் நல்ல தொழில்தான், நீங்கள் நினைத்துத் தொடங்கிய தொழில் வேறு, அவ்வளவுதான்.

## வென்ச்சர் முதலீடு

முதலீட்டாளர் கெட்டவர் என்ற தொனியில் எழுதுபவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. அவருடைய கணக்கு வேறு, அதைப் புரிந்துகொண்டு வாங்கினால் சண்டை வராது. ஒரு வென்ச்சர் நிதிக்கு வழக்கமாகப் பத்து வருட ஆயுள். அதில் முதலீடு செய்த நிறுவனங்களில் பெரும்பாலானவை தேறாது என்பது அவருக்கு முன்பே தெரியும். ஒன்றோ இரண்டோ பிரமாண்டமாக வளர்ந்து மொத்த நிதியையும் தூக்கி நிறுத்த வேண்டும். அதனால் உங்கள் நிறுவனம் கௌரவமாக, நிதானமாக லாபம் பார்ப்பது உங்களுக்கு வெற்றி, அவருக்குக் கிட்டத்தட்டத் தோல்வி.

முதலீட்டு நிபந்தனைகளை எழுதித் தரும் டெர்ம் ஷீட்டில் எல்லோரும் பார்ப்பது நிறுவனத்தின் மதிப்பீட்டை. நான் முதலில் பார்ப்பது, நிறுவனம் விற்கப்பட்டால் யார் முதலில் எடுப்பார்கள் என்ற பத்தியை. சின்னக் கணக்கு: மூன்று சுற்றுகளில் 30 கோடி வாங்கியிருக்கிறீர்கள், முதலீட்டாளர்களிடம் 40 சதவீதம் பங்கு. நிறுவனம் 40 கோடிக்கு விலைபோகிறது. 40இல் 40 சதவீதம் 16 கோடி என்றுதானே நினைப்பீர்கள்? போட்ட பணத்தை முதலில் எடுக்கும் உரிமை இருந்தால் அவர்கள் 30 கோடியை எடுப்பார்கள். மீதிப் பத்தில்தான் நிறுவனரும் ஊழியர்களும். 60 சதவீதம் வைத்திருப்பவருக்கு 25 சதவீதப் பணம்.

ஏஐயில் இதோடு ஒரு புதுச் சிக்கல் சேர்ந்திருக்கிறது: நீங்கள் நிற்கும் தரை மூன்று மாதத்தில் மாறிவிடும். எழுத்துக் கருவி விற்ற ஜாஸ்பர், 2022 அக்டோபரில் 150 கோடி டாலர் மதிப்பீட்டில் 12.5 கோடி டாலர் திரட்டியது. அடுத்த மாதம் 30ஆம் தேதி சாட்ஜிபிடி வெளியானது. அதே வேலையை யார் வேண்டுமானாலும் இலவசமாகச் செய்துகொள்ள முடிந்தது. 2023இல் ஜாஸ்பர் ஆள்குறைப்புக்குப் போனது. அவர்கள் திறமைசாலிகள்தான், உச்ச விலையில் வாங்கிய மதிப்பீடுதான் கழுத்தில் தொங்கியது. மதிப்பீடு உயர்ந்தால் அடுத்த சுற்றில் அதையும் தாண்டியாக வேண்டும்.

நிறுவனத்தை வாங்காமல் ஆட்களை மட்டும் எடுத்துக்கொள்ளும் ஏற்பாடும் இப்போது சகஜமாகிவிட்டது. 2023இல் 130 கோடி டாலர் திரட்டிய இன்ஃப்ளெக்‌ஷனிலிருந்து 2024 மார்ச்சில் நிறுவனர் முஸ்தஃபா சுலைமானும் பெரும்பாலான ஊழியர்களும் மைக்ரோசாஃப்டுக்குப் போனார்கள். அதே ஆண்டு ஆகஸ்டில் கேரக்டர் ஏஐயின் நிறுவனர்கள் கூகுளுக்குத் திரும்பினார்கள். 2025 ஜூலையில் கோடிங் கருவி நிறுவனமான விண்ட்சர்ஃபின் தலைவரும் ஆராய்ச்சிக் குழுவின் ஒரு பகுதியும் கூகுளுக்குப் போக, விட்டுப்போன நிறுவனத்தைச் சில நாட்களில் காக்னிஷன் வாங்கிக்கொண்டது. தொழில்நுட்ப உரிமத்துக்கென்று ஒரு பெரிய தொகை கைமாறும், முதலீட்டாளர் அதில் கரையேறிவிடுவார். பங்கு உரிமையை நம்பிக் குறைந்த சம்பளத்துக்கு வேலை பார்த்த ஊழியருக்கு என்ன கிடைக்கும் என்பது அந்தந்த ஒப்பந்தத்தின் தயவு. ஊழியர் பங்கு ஒப்பந்தம் எழுதும்போதே இதற்கொரு வரி சேர்ப்பது நியாயம்.

சரி, எப்போது வென்ச்சர் பணம் சரியான தேர்வு? இரண்டு நிபந்தனைகளும் சேர்ந்து இருக்க வேண்டும். முதலில் வருபவர் இடத்தைப் பிடித்துக்கொள்ளும் சந்தை, கூடவே வாடிக்கையாளர் சேரச் சேரப் பொருள் மேம்படும் அமைப்பு. இதில் ஒன்று இல்லாவிட்டாலும் அந்தப் பணம் விளம்பரத்துக்கும் மாடல் கட்டணத்துக்கும் போய்விடும்.

## க்ளவுட், சிப் நிறுவனங்களின் பணம்

மாடலையே கட்டுபவர்களுக்கு உண்மையில் இதைத் தாண்டி அதிக வழி கிடையாது. மைக்ரோசாஃப்ட் 2019இல் ஓப்பன்ஏஐக்கு 100 கோடி டாலர் தருவதாக அறிவித்தது. அமேசான் 2023, 2024 இரண்டு ஆண்டுகளிலும் சேர்த்து ஆந்த்ரோபிக்குக்கு 800 கோடி டாலர் அறிவித்தது. இந்தப் பணம் கொடுத்தவரிடமே திரும்பிப் போகும்படி கட்டப்பட்டது. முதலீட்டின் ஒரு பகுதியை அதே க்ளவுடில் செலவழிக்க வேண்டும் என்ற ஏற்பாடுகளை வணிகப் போட்டியைக் கண்காணிக்கும் அமெரிக்க அரசு அமைப்பான எஃப்டிசி 2025 ஜனவரி அறிக்கையில் விரிவாக எழுதியிருக்கிறது. கொடுத்தவருக்கு இரட்டை லாபம்: பங்கும் கிடைக்கிறது, விற்பனையும் ஏறுகிறது.

இதைத் தந்திரம் என்று ஒதுக்கவும் வேண்டாம். உங்கள் செலவில் பாதி எப்படியும் கணிப்பொறிக்குத்தான் போகப்போகிறது என்றால், கணிப்பொறி வைத்திருப்பவரே பங்காளியாவதில் தப்பில்லை. பார்க்க வேண்டியது பிடிமானம் எவ்வளவு காலம் என்பதை. ஓப்பன்ஏஐக்கு க்ளவுட் விஷயத்தில் மைக்ரோசாஃப்டின் பிடி 2025 ஜனவரியில்தான் தளர்ந்தது. அதே ஆண்டு அக்டோபரில் நிறுவன அமைப்பை மாற்றியபோது மைக்ரோசாஃப்டுக்குச் சுமார் 27 சதவீதப் பங்கு என்று முடிவானது. கூடவே மைக்ரோசாஃப்டின் க்ளவுடான அஷூரில் மேலும் 25,000 கோடி டாலர் செலவழிப்பதாக ஓப்பன்ஏஐ ஒப்புக்கொண்டது. ஆந்த்ரோபிக் வேறு வழியில் போனது. அமேசானிடம் வாங்கிய அதே காலத்தில் கூகுளிடமும் வாங்கியது, இரண்டு பேருடைய சிப்பிலும் ஓடுகிறது. பேரம் பேசும் நிலையில் நீங்கள் இருந்தால் ஒருவரிடம் மட்டும் வாங்காதீர்கள்.

சின்ன நிறுவனங்களுக்கு இந்த வழி இலவச கிரெடிட் வடிவில் வரும். நான் கணக்குப் பார்த்துக் கொடுத்த ஒரு குழு, ஒரு க்ளவுட் நிறுவனத்தின் கிரெடிட்டில் பதினொரு மாதம் ஓட்டியது. லாப விகிதம் அற்புதமாக இருந்தது, ஏனென்றால் செலவே கணக்கில் ஏறவில்லை. கிரெடிட் காலாவதியான மாதம் முதல் உண்மையான பில் வந்தது. அது அந்த மாத வருமானத்தைவிடப் பெரிது. வேறு இடத்துக்கு மாறலாம் என்றால், அங்கே மட்டுமே கிடைக்கும் சேவைகளை வைத்து எல்லாவற்றையும் கட்டியிருந்தார்கள். கிரெடிட்டை வாங்கிக்கொள்ளுங்கள், ஆனால் கிரெடிட் இல்லாவிட்டால் பில் எவ்வளவு என்ற வரியை மாதக் கணக்கில் எழுதிக்கொண்டே வாருங்கள்.

இப்போது ஸ்கேல். 2025 ஜூனில் மெட்டா சுமார் 1,430 கோடி டாலர் கொடுத்து ஸ்கேலின் 49 சதவீதத்தை வாங்கியது, அதன் தலைவர் அலெக்ஸாண்டர் வாங் மெட்டாவுக்கே போனார். ஸ்கேலின் வாடிக்கையாளர்கள் யார்? மெட்டாவோடு போட்டியிடும் மாடல் நிறுவனங்கள். தாங்கள் என்ன மாதிரித் தரவு தயாரிக்கச் சொல்கிறோம் என்பது போட்டியாளரின் வீட்டுக்குத் தெரிய அவர்கள் விரும்புவார்களா? கூகுளும் ஓப்பன்ஏஐயும் விலகுவதாகச் செய்திகள் வந்தன, ஜூலையில் ஸ்கேல் 14 சதவீத ஊழியர்களைக் குறைத்தது. யாரிடமும் பங்கு கொடுக்காத சர்ஜுக்கு அதே சமயத்தில் நடுநிலை என்பதே விற்பனைச் சரக்காகிவிட்டது. நீங்கள் பல பெரிய நிறுவனங்களுக்கு விற்பவர் என்றால், அவர்களில் ஒருவருடைய பணத்தைத் தொடுவதற்கு முன் மற்றவர்களின் ஒப்பந்தங்களை எடுத்து வைத்துக்கொண்டு ஒரு கணக்குப் போடுங்கள்.

## கடன்

ஜிபியுவை அடமானம் வைத்து வாங்கும் கடனை ஒரு தொழிலாகவே ஆக்கிக் காட்டியது, ஏஐக்குக் கணிப்பொறித் திறனை வாடகைக்கு விடும் கோர்வீவ். 2017இல் கிரிப்டோ தோண்டுவதற்குத் தொடங்கிய நிறுவனம், 2023 ஆகஸ்டில் ஜிபியுக்களை வைத்து 230 கோடி டாலர், 2024 மே மாதம் 750 கோடி டாலர் கடன் ஏற்பாடு செய்து, 2025 மார்ச்சில் பங்குச் சந்தைக்கு வந்தது. இதைப் பார்த்து 'சிப்பைக் காட்டினால் கடன் கிடைக்கும்' என்று முடிவு கட்டக் கூடாது. கடன் கொடுத்தவர்கள் பார்த்தது சிப்புக்குப் பின்னால் இருந்த வாடிக்கையாளர் ஒப்பந்தத்தை. பயன்படுத்தினாலும் பயன்படுத்தாவிட்டாலும் பணம் கட்டியே தீர வேண்டும் என்ற நீண்ட கால ஒப்பந்தங்கள் அவை. 2024 வருமானத்தில் 62 சதவீதம் மைக்ரோசாஃப்ட் ஒருவரிடமிருந்து. இவ்வளவு இருந்தும் அந்த ஆண்டு 190 கோடி டாலர் வருமானத்தில் 86 கோடி டாலர் நஷ்டம், அதில் வட்டிக்குப் பெரிய பங்கு.

அப்படி ஒரு ஒப்பந்தம் உங்களிடம் இல்லையென்றால் அடமானம் வெறும் சிப்தான். சிப்பின் ஆயுள் எவ்வளவு என்பதில் பெரியவர்களுக்கே ஒத்த கருத்து இல்லை: 2025இல் மெட்டா தன் சர்வர்களின் கணக்கு ஆயுளை ஐந்தரை வருடமாக நீட்டியது, அமேசான் சிலவற்றுக்கு ஆறிலிருந்து ஐந்தாகக் குறைத்தது. ஐந்து வருடக் கடனை இரண்டு வருடத்தில் பழசாகும் பொருளை வைத்து வாங்கினால், மூன்றாம் வருடம் வாடகை விழும், தவணை விழாது.

கணிப்பொறித் திறனை விற்பவர் அல்லாத மற்றவர்களுக்குக் கடன் ஒரே இடத்தில் உதவும். வரவேண்டிய பணம் உறுதி, வரும் தேதி மட்டும் தள்ளி என்ற இடைவெளியை நிரப்ப. வாடிக்கையாளர் கிடைப்பாரா என்று தெரியாத ஆராய்ச்சிக்குக் கடன் வாங்காதீர்கள்.

## நன்கொடை, மானியம்

இதையும் சிலர் கேட்கிறார்கள். ஓப்பன்ஏஐ 2015 டிசம்பரில் லாப நோக்கமற்ற அமைப்பாகத் தொடங்கியபோது 100 கோடி டாலர் தருவதாக உறுதிமொழி இருந்தது. நன்கொடையாகக் கைக்கு வந்தது சுமார் 13 கோடி என்று பின்னாளில் அவர்களே சொன்னார்கள். 2019இல் முதலீடு வாங்கும் கிளை ஒன்றை உருவாக்கியதற்கு அதுவும் ஒரு காரணம். ஆராய்ச்சியைத் தொடங்கி வைக்க மானியம் நல்லது. அதை நம்பி ஊழியர்களை எடுக்க முடியாது.

## கலந்து வாங்குவது எப்படி

நடைமுறையில் யாரும் ஒரே வழியில் நிற்பதில்லை, வரிசைதான் முக்கியம். மாடலின் மேல் கட்டுபவர் முதலில் வாடிக்கையாளர் பணம், அதோடு கிரெடிட்டை ஒரு தள்ளுபடிக் கூப்பனாக மட்டும் பார்த்துச் சேர்த்துக்கொள்வது, பிறகு தேவைப்பட்டால் வென்ச்சர். மாடலைக் கட்டுபவருக்கு முதலில் வென்ச்சர், உடனேயே இரண்டு க்ளவுட் நிறுவனங்களோடு பேச்சு. கணிப்பொறித் திறனை விற்பவருக்கு முதலில் ஒப்பந்தம், அடுத்த நாள் கடன்.

தொடக்கத்தில் சொன்ன கடிதக்காரர்களுக்கு நான் எழுதும் பதில் இப்படி இருக்கிறது. முதலீட்டாளருக்குப் பதில் சொல்ல இரண்டு வாரம் அவகாசம் கேளுங்கள். அந்த இரண்டு வாரத்தில் ஏற்கெனவே காசு கட்டும் ஐந்து பேரிடமும் போய், அடுத்த ஒரு வருடக் கட்டணத்தை முன்பணமாகக் கட்டினால் பதினைந்து சதவீதம் தள்ளுபடி என்று சொல்லிப் பாருங்கள். மூன்று பேர் சம்மதித்தால் கையில் பணமும் இருக்கும், டெர்ம் ஷீட்டில் உள்ள எண்களை மாற்றிப் பேசவும் முடியும். ஒருவர்கூடச் சம்மதிக்கவில்லை என்றால் ஏன் என்று அவர்களிடமே கேளுங்கள், முதலீட்டாளரைச் சந்திப்பதை இன்னும் ஒரு மாதம் தள்ளிப்போடுங்கள்.